வெளியே கைப்பிடி இல்லாத கதவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அது வழக்கம்போல மழைக்கு முந்தியே முனகத் தொடங்கிவிட்டது. நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. சுகம்தான் என்று நீ எழுதியிருக்கிறாய், ஆனால் கடிதத்தைப் படித்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை, பிறகு அந்த விஷயத்துக்கு வருகிறேன். என் எழுத்து கோணல்மாணலாகப் போகிறதே என்று வயதைக் காரணம் சொல்லாதே. மேஜை இல்லை, அவ்வளவுதான். மியூசியத்தில் நிற்கிற நம் பழைய ரயில் பெட்டிக்குள், கதவோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன். கதவை உள்ளே தாழ்போட்டாயிற்று. என்னோடு உன் கட்டைக்குரல் அத்தை இருக்கிறாள், பழைய மில் ஆட்களில் இன்னும் நடமாட்டம் உள்ள மற்றவர்களும் இருக்கிறார்கள். யாரும் இறங்குவதாக இல்லை. போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சமாசாரம். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, உன் அப்பாவே சரிசெய்தார், இப்போது குளியலறைக் குழாய் சொட்டுகிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அவர் போட்டுக்கொள்வதில்லை, மடித்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுகிறார். உன் அண்ணனின் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதனால் யாரிடமும் பேசமாட்டேன் என்று இருக்கிறாள், வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. இனி உன் கடிதம். மழை ஓயவில்லை என்பதற்கும் பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்பதற்கும் நடுவில், யாரும் கவனிக்கக் கூடாது என்பதுபோல ஒரு வரி எழுதியிருந்தாய். ஆய்வகத்தில் நீ மாதிரிகள் வைக்கிற அறைக்குப் போகும்போதெல்லாம் உன் மேலாளர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்துகிறான் என்று. அடுத்த வரியிலேயே, என்னம்மா செய்வது, பொறுத்துப் போகவேண்டியதுதான் என்று. அதற்கும் அடுத்த வரியில், நீயும் அந்த ஓட்டைப் பெட்டிக்காக ஊரோடு சண்டை போடாதே, வயதான காலத்தில் உனக்கு எதற்கு இது என்று எனக்குப் புத்திமதி வேறு. பொறுத்துப் போகவேண்டியதுதான் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் இல்லை. உன் அப்பாவும் இல்லை, அவருக்குக் காபி ஆறிப்போனாலே பொறுமை கிடையாது. ஆகவே உன் இரண்டு வரிக்கும் சேர்த்து ஒரே பதிலாக இந்தப் பெட்டியின் கதையைச் சொல்கிறேன். முழுதாகப் படி. பாதியில் தூங்கிவிடாதே.

இந்தப் பெட்டி பிறந்தது நமக்காக இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ரயில்வேயின் ஒரு பெரிய அதிகாரி பாதையைப் பார்வையிடப் போய்வருவதற்காகச் செய்தது. உள்ளே சோபா, சாப்பாட்டு மேஜை, குளிக்கத் தொட்டி, தொட்டிக்கு மேலே நிலைக்கண்ணாடி. ஓடுகிற ரயிலில் தொட்டியில் குளித்தால் தண்ணீர் யார்மேல் நிற்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த மனிதர் எப்போதாவது ஏறுவார், மற்ற நாளெல்லாம் பெட்டி துணி போர்த்திக்கொண்டு கொட்டகையில் நிற்கும். அவர் காலம் முடிந்து, அவருக்குப் பின்னால் வந்தவர் புதுப் பெட்டி கேட்க, இதை என்ன செய்வது என்று தெரியாமல் சோபாவைப் பிடுங்கிவிட்டு மரப் பெஞ்சு அடித்து, பக்கவாட்டில் "பெண்கள்" என்று எழுதி, மில்லுக்குப் போகிற கிளைப்பாதை ரயிலில் மாட்டிவிட்டார்கள். அதன்பிறகு அது ஒரு நாளும் துணி போர்த்திக்கொண்டு நிற்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதற்கே நல்ல வயது. காலை ஷிஃப்டுக்கு விடியாத நேரத்தில் ஏறுவோம். ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி அடுத்தவளுக்குத் தலை வாரிவிடுவாள், பச்சைக் குழந்தையை வீட்டில் விட்டு வந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுவாள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், நகர்ந்து இடம் மட்டும் கொடுப்பார்கள். திரும்பும்போது எல்லோர் தலையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் கிழவியானதுபோல இருப்போம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்போது நிஜமாகவே நரைத்துவிட்டது, சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

எல்லாம் மாற்றினார்களே தவிர கதவை மாற்றவில்லை. அதிகாரிக்குச் செய்த அதே கதவு, வெளியே அதே பித்தளைக் கைப்பிடி, நன்றாக எண்ணெய் போட்டு வழுவழுவென்று இருக்கும், சுண்டுவிரலால் திருகினால் திறக்கும். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, ஏனென்றால் அதிகாரி இருக்கிற பெட்டிக்குள் யார் கேட்காமல் நுழையப்போகிறார்கள்? எங்கள் பெட்டிக்குள் யார்தான் நுழையவில்லை? ரயில் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் பக்கத்துப் பெட்டி ஆள் யாராவது இடமில்லை என்று ஏறுவான். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் இருந்தார், சோதனை என்று சொல்லி ஏறுவார், டிக்கெட்டைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்பார். நாங்களும் உன்னைப்போலத்தான், என்ன செய்வது, பொறுத்துப் போகவேண்டியதுதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், எங்கள் எல்லோரிலும் சின்னவள், கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பரிசோதகன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் எழுந்தாள், அவனும் எழுந்தான். அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துவிட்டாள். கட்டைக்குரல் அத்தை ஏன் காலைச் சாய்த்து நடக்கிறாள் என்று சின்ன வயதில் நீ கேட்டாயே, மாடிப்படியில் விழுந்தாள் என்று சொல்லச் சொன்னது அவள்தான். இப்போது என் மகளுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன், "எழுது, பெரிய எழுத்தா எழுது" என்றாள். அன்றைக்கு அவளுக்குக் கத்தக்கூட வாய் வரவில்லை. அந்தக் குரல் அப்புறம் வந்ததுதான்.

மருத்துவமனையில் அவளைச் சேர்த்துவிட்டு வந்த மறுநாள், ஸ்டேஷன் மாஸ்டர் எங்களிடம், "பொம்பளைங்க வேலைக்குக் கிளம்பினா நாலும் நடக்கத்தான் செய்யும், அனுசரிச்சுப் போங்கம்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர், நல்ல மனிதர் சொன்னதால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. அன்று ரயில் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. யாரும் திட்டம் போடவில்லை, யாரும் தலைமை தாங்கவில்லை, முன்னால் நின்றவள் காலை எடுத்து வைக்கவில்லை, அதனால் பின்னால் நின்றவளும் வைக்கவில்லை. கார்டு விசில் ஊதினார், மறுபடியும் ஊதினார், எங்களைப் பார்த்தார், ரயில் காலியாகப் போயிற்று. மறுநாளும் வந்தோம், சாப்பாட்டுத் தூக்கோடு நேரத்துக்கு வந்து நின்றோம், ஏறவில்லை. மில்லில் ஸ்பின்னிங் நின்றது, ரீலிங் நின்றது, அடுத்த ஸ்டேஷன் பெண்களும் கேள்விப்பட்டு அங்கே நின்றுவிட்டார்கள். வீட்டில் எங்களுக்கு வசவு, அண்டை வீட்டில் பேச்சு, என் அப்பா என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். நான் அதற்கெல்லாம் அசரவில்லை என்று சொன்னால் பொய். பயந்துகொண்டேதான் நின்றேன். ஆனால் நின்றேன். கடைசியில் மில் மேலாளர்தான் ரயில்வேக்குப் போன்மேல் போன் போட்டு மன்றாடினார். அந்தப் பரிசோதகரை வேறு பாதைக்கு மாற்றினார்கள். என்ன வேண்டும் என்று எங்களைக் கேட்டபோது ஒரே ஒரு பொருளைத்தான் கேட்டோம். உள்ளே ஒரு தாழ்ப்பாள்.

கொடுக்கிறோம் என்றார்கள், ஆனால் அதிலும் ஒரு வாலை ஒட்டவைத்தார்கள். தாழ்ப்பாள் உள்ளே இருக்கும், அதைத் திறக்கிற திருகு வெளியேயும் இருக்கும், சாவி பரிசோதகர்களிடம் இருக்கும் என்று பணிமனைக்கு உத்தரவு போயிற்று. பெட்டி இரண்டு நாள் பணிமனையில் இருந்து திரும்பி வந்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம். உள்ளே என் கைமணிக்கட்டுக் கனத்துக்கு இரும்புத் தாழ்ப்பாள். வெளியே பார்த்தால் வெறும் பலகை. கைப்பிடி இல்லை, திருகு இல்லை, சாவித்துளைகூட இல்லை. ஆள் இல்லாதபோது தள்ளினால் திறக்கும், உள்ளே ஒருத்தி தாழ் போட்டுவிட்டால் கடவுளே வந்தாலும் அவள் மனம் வைத்தால்தான் உண்டு. ஃபோர்மேன் ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கண்டபடி திட்டினாராம், அந்த ஃபிட்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "துளை போட மறந்துட்டேன் சார்" என்றாராம். மறுபடி பெட்டியைப் பணிமனைக்கு அனுப்பினால் நாங்கள் மறுபடி நின்றுவிடுவோமோ என்ற பயத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். அப்படித் துளை போட மறக்கிற ஆள் எப்படி இருப்பான் என்று பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்து, விசாரித்துப் போய்ப் பார்த்தது உன் அப்பாவைத்தான். நீ பிறந்ததற்கும் இந்தத் தாழ்ப்பாளுக்கும் சம்பந்தம் உண்டு என்று வைத்துக்கொள். இன்றுவரை வேண்டுமென்றே செய்தீர்களா என்று கேட்டால், "மறதிதான், எனக்கு எப்பவுமே மறதி" என்கிறார். கல்யாண நாளைக்கூட மறக்காத மனிதர்.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. கதவோரத்தில் உட்காருகிறவள்தான் அன்றைக்குக் கதவுக்காரி. ரயில் நின்றதும் வெளியே தட்டுவார்கள், கதவுக்காரி திறக்கமாட்டாள், "எந்தப் பிரிவு?" என்று கேட்பாள். "ரீலிங்", "வைண்டிங்" என்று பெண் குரலில் பதில் வந்தால் திறப்பாள். மில்லில் இல்லாத பெண்ணும் வருவாள், காய்கறிக் கூடையோடோ கைக்குழந்தையோடோ, அவளுக்கு என்ன சொல்லவேண்டும் என்று தெரியாது, "தெரியலை அக்கா" என்பாள், அதற்கும் கதவு திறக்கும். திறக்காதது அதட்டலுக்கு மட்டும்தான். மில்லை மூடுகிறவரை அந்தப் பெட்டிக்குள் எவனும் கேட்காமல் நுழைந்ததில்லை. கட்டைக்குரல் கால் ஆறி வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து கதவோரத்து இடம் அவளுடையது. முதலில் அவள் "எந்தப் பிரிவு" என்று கேட்பது பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்காது. கேட்டுக் கேட்டுத்தான் குரல் தடித்து, பிளாட்ஃபாரத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற அளவுக்கு வந்தது.

மில் மூடியபின் பெட்டியை யார்டில் ஓரங்கட்டினார்கள், புல் மண்டிக் கிடந்தது, ஆடு படுத்துக் கிடந்தது. பழைய இரும்புக்கு உடைக்கப்போனபோது மியூசியத்துக்காரர்கள் வந்து காப்பாற்றினார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. கொட்டகைக்குள் கொண்டுவந்து, ஓட்டை அடைத்து, துரு சுரண்டி, நல்ல மனதோடுதான் செய்தார்கள். அங்கே பொறுப்பாக இருக்கிற பெண் உன் வயதுதான் இருப்பாள், எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொரு பெஞ்சுக்கும் கதை கேட்டாள். ஆனால் முடிவு சொல்வது அவள் இல்லை, குழு. குழுவுக்குத் தலைவர் ஒருவர், ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைப் பிறந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பவேண்டும் என்கிறார். பெஞ்சை எடுத்துவிட்டுச் சிவப்பு வெல்வெட் சோபா, "பெண்கள்" என்ற எழுத்தை அழித்துவிட்டுத் தங்கக் கோடு, இந்தக் கதவைக் கழற்றிவிட்டுப் பித்தளைக் கைப்பிடி வைத்த புதுக் கதவு. அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, அசல் அசல்தானே, பார்க்க வருகிறவர்களும் வெல்வெட்டைப் பார்க்கத்தான் வருவார்கள். ஆனால் "இடையில வந்ததெல்லாம் ஒட்டு வேலைம்மா" என்று அவர் சொன்னார் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எப்போதாவது ஏறினவர் அசல், தினமும் ஏறினவர்கள் ஒட்டா? எங்கள் வாழ்நாளில் பாதி இந்தப் பெஞ்சில் போயிருக்கிறது. அந்தப் பெண் நடுவழி ஒன்று சொன்னாள், ஒரு மூலையில் சோபாவையும் அதிகாரியின் படத்தையும் வைப்போம், பெஞ்சும் கதவும் இருக்கட்டும் என்று. நான் உடனே சம்மதித்தேன், அவரும் ஏறினவர்தானே, மூலையில் உட்காரட்டும். தலைவர் கேட்கவில்லை. இன்று தச்சர் வந்து கதவைக் கழற்றுவார் என்று முடிவாகிவிட்டது.

ஆகவே காலையில் கொட்டகை திறந்ததும் பார்வையாளர் வரிசையில் நின்று, ஒழுங்காக உள்ளே வந்து, ஒழுங்காகப் பெட்டியில் ஏறி, ஒழுங்காகத் தாழ் போட்டுவிட்டோம். தச்சர் வந்தார், பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், வெளியிலிருந்து கழற்ற ஒரு ஆணிகூட அகப்படவில்லை. காவலாளி தோளால் இடித்துப் பார்க்கப் போனார், மியூசியத்துப் பெண் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "தொடாதீங்க, காட்சிப் பொருளுக்குச் சேதம் வரக் கூடாது" என்று அவர்களே எழுதி மாட்டிய பலகையைக் காட்டினாள். கம்பி போட்ட ஜன்னல் வழியாக உன் அப்பா தேநீர்க் குடுவையை நுழைக்கப் பார்த்தார், குடுவை நுழையவில்லை, டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தார். "தாழ்ப்பாள் நல்லா விழுதா?" என்று கேட்டார். அதைத்தான் கேட்டார், நீ நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை. உன் அண்ணன் போன் செய்து, "அம்மா, மானம் போகுது, இறங்கி வா" என்றான். உன் மானம் என் மடியில் இல்லை, தேடிப் பார் என்றேன். வைத்துவிட்டான். சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு வருவான் பார், எனக்கு அவனைத் தெரியும்.

கொஞ்சம் முன்னால் தலைவரே வந்துவிட்டார். கோபமாகத் தட்டினார், "யாரும்மா உள்ளே, திறங்க கதவை" என்றார். கட்டைக்குரல் நிமிர்ந்து உட்கார்ந்து, பழையபடி, "எந்தப் பிரிவு?" என்றாள். கொட்டகையே அதிர்ந்தது. பிறகு அவர், "நான் தலைவர்" என்றார். "தலைவர்னா எந்தப் பிரிவு? ஸ்பின்னிங்கா, ரீலிங்கா?" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன், மற்றவர்கள் பொத்தவில்லை. அவர் செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று, இப்போது தூணோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஜன்னலோரம் இருக்கிறவள் சொல்கிறாள்.

இப்போது உன் விஷயம். அந்த அறைக்கு நீ தனியாகப் போகாதே. பக்கத்து மேஜைப் பெண்ணிடம் சொல், அவள் ஆச்சரியப்படமாட்டாள் என்று நினைக்கிறேன், அவன் உன் பின்னால் மட்டும் வருகிறவனாக இருக்கமாட்டான். அவன் வந்தால் கதவைத் திறந்து வை, எல்லோருக்கும் கேட்கிற குரலில் என்ன வேண்டும் என்று கேள். முதல்முறை குரல் வராது. பரவாயில்லை, மறுபடி கேள். மேலிடத்தில் புகாரை எழுத்தில் கொடு, ஒருத்தியாகக் கொடுக்காதே, சேர்ந்து கொடுங்கள். அனுசரித்துப் போ என்று நல்லவர்களே சொல்வார்கள், அதற்குத்தான் அதிகமாகத் தயாராக இருக்கவேண்டும். அதையெல்லாம் செய்தும் வேலை போகிறதென்றால் போகட்டும், வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது, குழாய் மட்டும் சொட்டும். நான் உன்னைப் பெற்றது பொறுத்துப் போவதற்காக இல்லை. உனக்கு ஒரு குறையும் வராது, நீ நன்றாக இருப்பாய், பல்லாண்டு இருப்பாய், அம்மாவின் ஆசி உன் பின்னால் உண்டு. மழைக்குத் தலையை மூடிக்கொண்டு போ, இரவில் பட்டினி கிடக்காதே, அந்த அறைக் கதவு என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது, மழைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒளிக்காதே.

முடிக்கப் போனேன், மறுபடி தட்டுகிறார்கள். இந்தமுறை மெதுவாக. தலைவர்தான். குரலில் அதட்டல் இல்லை. "எனக்குப் பிரிவு எதுவும் இல்லைம்மா. உள்ளே வரலாமா?" என்று கேட்கிறார். இத்தனை வருடத்தில் இந்தக் கதவுக்கு வெளியே நின்று ஓர் அதிகாரி அப்படிக் கேட்டது இதுதான் முதல்முறை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் கட்டைக்குரலைப் பார்த்தேன். அவள் சொன்னால் திறப்பேன், அவள் சொல்லாவிட்டால் திறக்கமாட்டேன். அவள் தாழ்ப்பாள்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள், டம்ளரில் இன்னும் பாதி இருக்கிறது.

இப்படிக்கு,
கதவோரத்துப் பெஞ்சிலிருந்து,
உன் அம்மா